பச்சை மரத்தில் நாற்காலி: தோல் தெரிந்த கைகளுக்கு ஒரு தொழில்வழி

ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங் மேஜை முன் இரண்டு வருடம் நின்றவருக்கு, கையால் நாற்காலி செய்யும் தொழிலில் கால்வாசி ஏற்கெனவே தெரியும். ஒரு தோலை விரித்ததும் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். கத்தியை எடுப்பதில்லை. இரண்டு கையாலும் பிடித்து நீளவாக்கில் ஒரு இழுப்பு, குறுக்குவாக்கில் ஒரு இழுப்பு. முதுகுப் பகுதி இறுகி நிற்கும், வயிற்றுப் பகுதி நெகிழ்ந்து கொடுக்கும். ஷூவின் முன்முகத்தை முதுகிலிருந்து எடுப்பார். இழுவை குறைந்த திசை கால்விரலிலிருந்து குதிகாலை நோக்கி ஓடும்படி அச்சை வைப்பார். நாக்கு, உள்பட்டை போன்றவை வயிற்றுப் பக்கம் போகும். திசை தப்பினால் லாஸ்ட் என்ற கால்வடிவக் கட்டையில் ஏற்றி இழுக்கும்போது ஷூ கோணிக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும்.

பச்சை மரத்தில் நாற்காலி செய்பவர் செய்யும் முதல் வேலையும் இதுதான். நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே முறுக்கிக்கொள்கிறது, எங்கே கணு வந்து வழி மறிக்கிறது என்று பார்ப்பார். அப்புறம்தான் கோடாலி. ஆகவே இந்தக் கட்டுரை வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் தோல் வேலை பார்ப்பவர்களுக்கும், அந்த வீடுகளில் வளர்ந்து வேறு கைத்தொழில் தேடும் பிள்ளைகளுக்கும். மற்றவர்கள் படிக்கக் கூடாது என்றில்லை. கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஆசாரி சொல்வதும் சரிதான்

இந்த யோசனையை உள்ளூர் ஆசாரி ஒருவரிடம் சொல்லுங்கள். "பச்ச மரத்துல உக்கார்ற சாமானா? ஆறு மாசத்துல ஆடிப்போயிடும் தம்பி" என்பார். பலகை அறுத்துச் செய்யும் கதவுக்கும் கட்டிலுக்கும் மேஜைக்கும் அது நூற்றுக்கு நூறு சரி. ஈரம் காயக் காயப் பலகை சுருங்கும், வளையும், பிளக்கும்.

பச்சை மர நாற்காலியின் கணக்கு வேறு. இதில் பலகையே கிடையாது. நான்கு கால், அவற்றைக் கோக்கும் குறுக்குக் கம்புகள், முதுகுக்கு இரண்டு மூன்று வளைந்த பட்டைகள். எல்லாமே கட்டையிலிருந்து ஆப்பு அடித்துப் பிளந்து எடுத்தவை. ரம்பம் நாரைப் பற்றிக் கவலைப்படாமல் நேர்கோட்டில் அறுத்துக்கொண்டு போகும். வழியில் எத்தனை நார் அறுபட்டாலும் அதற்கு ஒன்றுதான். பிளவு மட்டும் நார் போன வழியிலேயே போகும். அதனால் பிளந்தெடுத்த ஒல்லிக் கம்பில் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நார் அறுபடாமல் ஓடுகிறது. அறுத்த கம்பு ஒன்றரை அங்குலம் இருந்து தாங்கும் பாரத்தைப் பிளந்த கம்பு அதைவிட மெலிதாக இருந்தே தாங்கிவிடும். நாற்காலியும் எடை குறைந்து நிற்கும்.

மூட்டு நிற்பதும் சுருக்கத்தால்தான். மரம் காயும்போது நீளத்தில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. பருமனில் சுருங்கும். வளையங்களின் போக்கில் சராசரியாக நூற்றுக்கு எட்டு, மையத்திலிருந்து பட்டையை நோக்கி நூற்றுக்கு நான்கு. மரத்துக்கு மரம் இது மாறும். இந்த ஏற்றத்தாழ்வினால் பச்சையில் உருண்டையாகச் சீவிய கம்பு காய்ந்ததும் முட்டை வடிவாகிவிடும். கைதேர்ந்தவர்கள் இதை எதிர்த்துப் போராடுவதில்லை. குறுக்குக் கம்பை முதலில் செதுக்கி, நன்றாகக் காய வைத்து, காய்ந்த பிறகுதான் அதன் முனையில் துளைக்குள் இறங்கும் கழுந்து எடுக்கிறார்கள். காலை மட்டும் அரை ஈரத்தில் வைத்துத் துளை போடுகிறார்கள். எலும்பாகக் காய்ந்த கழுந்து அரை ஈரத் துளைக்குள் போனதும் கொஞ்சம் ஈரம் குடித்து உப்புகிறது. கால் காய்ந்து அதன்மேல் இறுகுகிறது. ஆணி கிடையாது. பசை உங்கள் விருப்பம்.

அமெரிக்கரான ஜென்னி அலெக்சாண்டர் 1978இல் ஒரு மரத்திலிருந்து ஒரு நாற்காலி செய்வது எப்படி என்று புத்தகமே எழுதி இந்த முறையை மறுபடி பரப்பினார். அப்பலாச்சிய மலைக் கிராமங்களில் அதற்கு வெகுகாலம் முன்பே கம்புகளை அடுப்போரம் வைத்துக் காய வைத்துக்கொண்டிருந்தார்கள். நம் பக்கத்தில் அடுப்புகூட வேண்டாம். சித்திரை வெயிலில் வேலூர் தகரக் கூரைக்குக் கீழே பத்து நாள் போட்டால் போதும். காய்ந்துவிட்டதா என்று தெரிய மீட்டர் வாங்காதீர்கள். சமையலறைத் தராசில் ஒரு கம்பைத் தினமும் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். எடை இறங்குவது நிற்கும் நாள் தானாகத் தெரியும். கழுந்து எடுப்பதற்கு முன் அதே கம்புகளை அனல் இருக்கும் இடத்தில் இன்னும் ஒரு சுற்று வைத்து எடுங்கள். மழைக்காலத்தில் மூட்டு சேர்ப்பதைத் தவிர்ப்பது நல்லது. காற்றிலிருக்கும் ஈரத்தைக் கழுந்து முன்னதாகவே குடித்துவிடும்.

முதலே இல்லாமல் தொடங்கலாம் என்பதுதான் இந்த முறையை நான் பரிந்துரைக்கப் பெரிய காரணம். காய்ந்த தேக்குப் பலகை வாங்கி, மின் ரம்பம், இழைப்பு மெஷின், கடைசல் மெஷின் என்று அடுக்கினால் முதல் நாற்காலிக்கு முன்பே கடன் ஏறிவிடும். பச்சை மரத்துக்கு வேண்டியது கோடாலி, கத்தி, துரப்பணம், நிழலான ஒரு மூலை. சத்தம் இல்லை, தூசி குறைவு. கம்பெனி வேலை முடிந்து வந்து சாயங்காலம் இரண்டு மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்து செய்யலாம். தச்சுப் பட்டறைகளில் பெண்களைக் காண்பது அரிது. இங்குள்ள ஷூ கம்பெனிகளில் பெண்களே அதிகம். வீட்டிலேயே செய்யக்கூடிய மர வேலை என்பதால் அவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

விறகு மண்டிக்குப் போங்கள்

மரக்கடைக்கு வேண்டாம். அங்கே கிடைப்பது அறுத்த சட்டம். பட்டையோடு, வெட்டிச் சில நாளே ஆன உருண்டைக் கட்டைதான் நமக்கு வேண்டும். அது கிடைக்கும் இடம் விறகு மண்டி. பிரியாணி அண்டாவுக்கு இன்னமும் விறகு எரிக்கும் ஊர் ஆம்பூர் என்பது மர வேலைக்காரருக்கு ஒரு வரம். சவுக்கும் புளியும் மாவும் வேலிக்காத்தானும் வண்டி வண்டியாக வந்து இறங்குகின்றன.

கட்டையைப் பார்க்கும்போது பட்டையின் கீறல்களைக் கவனியுங்கள். அவை நேராக ஓடினால் உள்ளே நாரும் பெரும்பாலும் நேர். கட்டையைச் சுற்றித் திருகிக்கொண்டு போனால் விட்டுவிடுங்கள். அதே லோடில் கொஞ்ச நாள் முன்பு காய்ந்த கட்டை கிடந்தால் அதன் வெடிப்பு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மண்டிக்காரர் கூச்சப்படாமல் பிளந்து காட்டுவார், அவருக்கு அது தினசரி வேலை. பிளந்த முகம் கயிறு முறுக்கினதுபோல் இருந்தால் அடுப்புக்குப் போகட்டும்.

எந்த மரம்? வெளிநாட்டுப் புத்தகங்களில் வரும் ஓக்கும் ஆஷும் ஹிக்கரியும் இங்கே இல்லை. அவற்றின் இடத்தில் எதை வைப்பது என்பதை ஒவ்வொரு கட்டையாகப் பிளந்துதான் கற்க வேண்டும். சவுக்கு நேராக வளரும், நன்றாகப் பிளக்கும், பாரம் தாங்கும். ஆனால் வேகமாகக் காய்ந்தால் வெடிக்கும். வெட்டிய முனைகளில் மெழுகோ பழைய பெயின்டோ பூசி நிழலில் வையுங்கள். பூவரசு வேலை செய்ய இதமானது, வண்டிச் சாமான்களுக்கும் வீட்டுச் சாமான்களுக்கும் நம் ஊர்களில் பழகிய மரம். தேக்கின் இளங்கட்டை கிடைத்தால் பிளவு சுத்தமாகப் போகும். வேம்பும் வாகையும் நார் ஒன்றுக்கொன்று பின்னிக்கொண்டவை. பிளக்க முனைந்தால் பொறுமை போய்விடும், முக்காலியின் தடித்த மேல்கட்டைக்கு வைத்துக்கொள்ளலாம். புளி பிளக்கவே மறுக்கும். அதனால்தான் கறிக்கடையில் வெட்டுக்கட்டையாக இருக்கிறது. கொட்டாப்புளிக்கு அதைவிட நல்ல மரம் இல்லை. கருவேலம் உளிக்கும் கோடாலிக்கும் பிடி போட.

வேலிக்காத்தானைப் பற்றி மட்டும் கொஞ்சம் தனியாகச் சொல்ல வேண்டும். சீமைக்கருவேலம் என்று ஊரே திட்டும் மரம். கோணல், முள், கடினம். ஆனால் காயும்போது மிகக் குறைவாகச் சுருங்கும் மரங்களில் அதுவும் அதன் இனத்து மெஸ்கீட்டும் சேர்த்தி. நேரான நான்கு அடி கிடைப்பது அதிர்ஷ்டம். ஒன்றரை அடி தாராளமாகக் கிடைக்கும், முக்காலிக் கால்களுக்கு அது போதும். வெட்டினால் நன்றி சொல்வார்களே தவிர பெரும்பாலும் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

மற்ற மரங்களில் கேள்வி உண்டு. ஏலகிரி, ஜவ்வாது மலைக் காப்புக்காடுகளிலிருந்து ஒரு குச்சிகூட எடுக்காதீர்கள். சந்தனமும் செம்மரமும் யார் நிலத்தில் நின்றாலும், காய்ந்து விழுந்திருந்தாலும், தொடவே வேண்டாம். இந்த வட்டாரத்தில் அதற்கான வழக்குகள் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பட்டா நிலத்து மரம் என்றால் வெட்டும் முன் கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மண்டியில் வாங்கினால் பில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கத்தி

பழைய தோல் பதனிடும் பட்டறைகளில் வேலை பார்த்தவர்கள் யாராவது வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். சரிந்த கட்டைமேல் ஈரத் தோலைப் போட்டு, இரண்டு பக்கமும் பிடி வைத்த வளைந்த கத்தியால் ஒட்டிய சதையைச் சீவித் தள்ளுவார்கள். இப்போது மெஷின் செய்கிறது. நாற்காலிக் காலைச் சீவும் கத்தியும் அதே மாதிரி இருகைப்பிடிக் கத்திதான். ஒரே வித்தியாசம், தோலில் கத்தியை உடம்பிலிருந்து வெளியே தள்ளுவார்கள், மரத்தில் உடம்பை நோக்கி இழுப்பார்கள். பயமாக இருக்கும். இரண்டு கையும் பிடியில் இருக்கும்வரை கத்தி வயிறு வரை வராது, முழங்கை வந்து தடுத்துவிடும். காலைத்தான் கவனிக்க வேண்டும்.

இந்தக் கத்தியைக் கடையில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். கொல்லுப் பட்டறையில் செய்யச் சொல்லுங்கள். லாரி ஸ்பிரிங் பட்டை நல்ல எஃகு. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஓரம் முழுக்க அது பழைய இரும்பாகக் கிடைக்கும். ஒன்பது பத்து அங்குல வாய், ஒரு பக்கம் மட்டும் சரிவு, இரண்டு முனையிலும் வளைத்து மரப்பிடி. தோய்ச்சல் கொடுத்தபின் மிதமான சூட்டில் பதம் இறக்கச் சொல்ல மறக்காதீர்கள். இல்லையென்றால் வாய் கண்ணாடிபோல் தெறிக்கும்.

மற்றவை: கோடாலி ஒன்று, வெட்டுக்கத்தி ஒன்று, இரும்பு ஆப்பு இரண்டு, கொட்டாப்புளி, முக்கால் அங்குல உளி, கைத்துரப்பணம், ஒரு சின்ன ரம்பம். வாய்ச்சி இருந்தால் நல்லது, பழகியவரிடம் கற்ற பிறகே தொடுங்கள். மரத்தைப் பிடித்துக்கொள்ள நம் ஆசாரிகள் தரையில் உட்கார்ந்து கால் விரல்களையே பயன்படுத்துவார்கள். சிறுவயதிலிருந்து பழகாதவர்களுக்கு அது வராது. நீங்கள் ஒரு பெஞ்சுப் பலகையில் குதிரை ஏறுவதுபோல் உட்கார்ந்து, கீழே மிதித்தால் மேலே கட்டை வந்து அமுக்கிப் பிடிக்கும்படி ஒரு மிதி அமைப்பைச் செய்துகொள்ளுங்கள். பழைய சட்டங்களில் ஒரே நாளில் அடித்துவிடலாம். வலுவாக இழுக்க இழுக்கக் காலும் தானாக அழுத்தி மிதிக்கும், பிடியும் இறுகும்.

தீட்டுவதைக் கற்காமல் எதையும் கற்க முடியாது. கார்பரண்டம் கல்லில் கரட்டுப் பக்கம், நைஸ் பக்கம், அப்புறம் தோல். மரப்பட்டையில் ஒட்டிய ஒரு துண்டுத் தோலில் பாலிஷ் சோப்புத் தடவி, கத்தியின் வாயைப் பின்னோக்கி இழுப்பதுதான் கடைசிப் பதம். மற்ற ஊர்க்காரர்கள் அந்தத் தோலைத் தபாலில் வாங்குகிறார்கள். உங்களுக்கு அது கழிவு மூட்டையில் இருக்கிறது. கிரோம் தோலைவிடப் பட்டையில் பதனிட்ட கெட்டித் தோல் இதற்கு மேல்.

வேலூரில் ஏற்கெனவே நடந்தது

வயது ஏறிய பிறகு, கை ஒத்துழைக்காத நிலையில், கைக்கருவியால் மரவேலை கற்றுப் பிழைப்பு நடத்த முடியுமா என்று கேட்பவர்களுக்கு வேலூரிலேயே பதில் உண்டு. 1946இல் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் கொல்லிமலையில் பிறந்தவர். மருத்துவம் படிக்கும் முன் இங்கிலாந்தில் கட்டட வேலைக்குப் பழகுநராகச் சேர்ந்து தச்சும் கொத்தும் கற்றவர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தும் முறையை அவர் இங்கேதான் வளர்த்தார். விரல் நிமிர்ந்தவர்களுக்கும் ஊரில் வேலை கிடைக்கவில்லை. 1950களின் தொடக்கத்தில் மருத்துவக் கல்லூரி வளாகத்தை ஒட்டி நவஜீவ நிலையம் என்று சில குடிசைகள் எழும்பின. அங்கே அவர்கள் தச்சு கற்று மரப் பொம்மைகள் செய்து விற்றார்கள்.

நவஜீவ நிலையத்துத் தச்சுப் பட்டறையில்தான் பிராண்ட் ஒன்றைக் கவனித்தார். உணர்ச்சியற்ற கை, எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்று தெரியாமல் கருவியை இறுக்கும். சிராய் நீட்டிய சுத்தியல் பிடி உள்ளங்கையைக் கிழித்தாலும் தெரியாது. திறக்க மறுத்த பூட்டுச் சாவியை ஒரு சிறுவன் திருகித் திறந்துவிட்டு, விரல் எலும்பு தெரியக் கிழிந்ததையே அறியாமல் நின்றதைப் பிராண்ட் பின்னாளில் எழுதியிருக்கிறார். விரல்கள் அழுகி விழுவது நோயின் நேரடி வேலை, தடுக்க முடியாது என்று அதுவரை நம்பினார்கள். பெரும்பகுதி சேதம் வலி தெரியாத கை படும் அன்றாடக் காயத்தால் வருகிறது, அதைத் தடுக்கலாம் என்று தெரிந்தது. கருவிப் பிடிகளைக் கைக்கேற்ப மாற்றினார்கள். தினமும் வேலை முடிந்ததும் கைகளைப் பார்த்தார்கள்.

உணர்ச்சியுள்ள கைக்கும் இந்த இரண்டு பழக்கமும் வேண்டும். புதிதாகக் கற்பவர் எல்லாருமே கருவியைத் தேவைக்கு மேல் இறுக்குகிறார்கள். கொப்புளம் வருவது அதனால்தான். பிடி மெலிதாக இருந்தால் இன்னும் இறுக்கத் தோன்றும். உங்கள் விரல்நுனி உள்ளங்கையை லேசாகத் தொடும் அளவுக்குப் பிடியைத் தடிக்க வையுங்கள், வார்னிஷ் வேண்டாம், எண்ணெய் போதும். முதல் மாதம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கத்தி இழுக்காதீர்கள்.

வயதைப் பற்றிய சந்தேகத்துக்கு இன்னொருவர். ஜார்ஜ் நாகஷிமா, 1905இல் அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளியினர். கட்டடக் கலை படித்துவிட்டு, 1937இல் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டுமானத்தை மேற்பார்வை பார்க்க வந்தார். அதன் தேக்கு மரச் சாமான்களுக்கும் வடிவம் கொடுத்தார். 1942இல், போர்க்காலத்தில், அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தபோது ஐடஹோவின் மினிடோகா முகாமில் குடும்பத்தோடு அடைபட்டார். அங்கே கெந்தாரோ ஹிகோகாவா என்ற தச்சரிடம் உதவியாளாக நின்று உளி பிடிக்கவும் மூட்டுப் போடவும் முறையாகக் கற்றார். கையில் கிடைத்தது கழிவுப் பலகையும் பாலைவனப் புதர்க் கட்டையும். அப்போது அவருக்கு நாற்பதை நெருங்கும் வயது, எம்.ஐ.டி. பட்டம் வேறு. பிறகு உலகம் அறிந்த நாற்காலிக்காரரானார். பட்டத்தைச் சுருட்டி வைத்துவிட்டு எடுபிடியாக நிற்கத் தயாராக இருந்தார் என்பதுதான் அதில் நமக்கு உதவும் பகுதி.

யாரிடம் கற்பது

பச்சை மர நாற்காலிக்கென்று ஒரு பள்ளியைத் தேடி ஆம்பூரில் அலைய வேண்டாம். துண்டு துண்டாகக் கற்றுக் கோத்துக்கொள்ள வேண்டிய தொழில் இது. மாட்டுவண்டிச் சக்கரம் செய்த கடைசித் தலைமுறை ஆசாரிகள் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். குடத்தில் ஆரக்கால் இறங்கும் மூட்டும் நாற்காலி மூட்டும் சொந்தக்காரர்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள். போன முதல் நாளே "கத்துக் கொடுங்கண்ணா" என்று கேட்காதீர்கள். ஒரு கோடாலிக்குப் பிடி போடக் கொடுங்கள். உட்கார்ந்து பாருங்கள். அடுத்த முறை ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு போய், "இதை எந்தப் பக்கம் பிளக்கலாம்?" என்று கேளுங்கள். திட்டமான கேள்விக்குக் கைவினைஞர்கள் திட்டமாகப் பதில் சொல்வார்கள். பொதுவான கேள்விக்கு டீதான் கிடைக்கும். கற்ற நாளுக்குக் கூலி கொடுங்கள். அவர் தன் வேலையை நிறுத்திவிட்டுத்தான் உங்களுக்குக் காட்டுகிறார்.

கடைசல் பட்டறையில் சில வாரம் நின்றால் உருண்டை வடிவம் கண்ணில் பதியும். அரசு ஐ.டி.ஐ.யில் தச்சுப் பிரிவு ஒரு வருடம். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். உங்களுக்கு அருகிலுள்ள நிலையத்தில் அந்தப் பிரிவு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அளவு எடுப்பது, வரைபடம் படிப்பது, சான்றிதழ் ஆகியவற்றுக்காகப் போகலாம். பச்சை மரம் அங்கே வராது. மரவகை அறிதல், காய வைத்தல், பூச்சி தடுத்தல் இவற்றுக்குப் பெங்களூரு மல்லேஸ்வரத்தில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது. ஆம்பூரிலிருந்து காலை ரயிலில் போய் இறங்கலாம்.

கற்கும் வரிசை முக்கியம். முதலில் உங்கள் சொந்தக் கொட்டாப்புளி. பிறகு கருவிப் பிடிகள். அப்புறம் முக்காலி. மூன்று கால் என்பதால் மேடுபள்ளத் தரையிலும் ஆடாது, தவறு மறைந்துவிடும். பத்து முக்காலி செய்தவர் நான்கு கால் நாற்காலிக்குப் போகட்டும். நாற்காலியில் எல்லாக் கம்பும் சரியான நீளத்தில் இருந்தும் சட்டம் கோணிக்கொள்ளும். துளை போடும் கோணம்தான் அங்கே உயிர். தரையில் அட்டையில் முழு அளவுப் படம் போட்டு, துரப்பணத்தைப் படத்தோடு பொருத்திப் பார்த்தே துளையுங்கள். இருக்கை உயரம் பதினேழு அங்குலத்துக்குள் வையுங்கள். கடைகளில் விற்கும் பதினெட்டு அங்குல நாற்காலியில் நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்குக் கால் தொங்குகிறது.

இருக்கைதான் உங்கள் பலம்

இந்த வகை நாற்காலிக்கு வெளிநாடுகளில் கோரை, மரப்பட்டை, நார்க் கயிறு பின்னுகிறார்கள். நம் பக்கம் பிரம்பு. பார்வையற்றோருக்கான பயிற்சிகளில் நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவது பல்லாண்டுகளாக ஒரு பாடம். பிரம்பைப் பின்னுங்கள், தவறில்லை. ஆனால் பாலாற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு தோலை விட்டுவிட்டுப் பிரம்பு தேடினால் எப்படி?

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட நம் ஊர்த் தோல் உலகச் சந்தையில் ஈ.ஐ. தோல் என்று பெயர் பெற்றது. புவிசார் குறியீடும் அதற்கு உண்டு. இருக்கைக்கு வேண்டியது அப்படிப் பட்டையில் பதனிட்ட, மூன்று நான்கு மில்லிமீட்டர் கனமுள்ள முதுகுத் தோல். மென்மையான கிரோம் தோல் உட்கார உட்கார இழுபட்டுத் தொட்டிலாகிவிடும். முக்கால் அங்குலப் பட்டைகளாக, இழுவை குறைந்த திசையில் நீளமாக வெட்டுங்கள். இதைச் சொல்லித்தர உங்களுக்கு ஆள் தேவையில்லை. லேசாக நனைத்து இழுத்துப் பின்னினால் காயும்போது இறுகும். பதனிடாத பச்சைத் தோல் இன்னும் பலமாக இறுகும், பறை கட்டுபவர்களைக் கேளுங்கள். ஆனால் மழைக்காலத்தில் தளர்ந்து வாடை வரும். விற்பனைச் சரக்குக்கு வேண்டாம். மூட்டு முழுதாகக் காய்ந்த பிறகே இருக்கை பின்னுங்கள். முந்திக்கொண்டால் தோலின் இழுப்பில் சட்டமே வளையும்.

ஏற்றுமதி கம்பெனிகளில் மிஞ்சும் துண்டுகளை எடைக்கு வாங்கலாம். ஓட்டையும் தழும்பும் உள்ள பகுதி ஷூவுக்கு ஆகாது, இருக்கையின் அடிப்பக்கத்துக்கு ஆகும். மரமும் தோலும் சேர்ந்த சாமானை ஒரே வீட்டில், ஒரே கையால் செய்து முடிக்கக்கூடிய ஊர்கள் இந்தியாவில் அதிகம் இல்லை.

காசு

கம்பெனி வேலையை விடாதீர்கள். குறைந்தது இரண்டு வருடத்துக்கு இது மாலை வேலை, ஞாயிறு வேலை.

விலை போடுவதில்தான் புதியவர்கள் விழுகிறார்கள். பிளாஸ்டிக் நாற்காலி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதைப் பார்த்து உங்கள் விலையைக் குறைத்தால் தொழில் அன்றோடு முடிந்தது. ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன், உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். ஒரு நாற்காலிக்கு 40 மணி நேரம், மணிக்கு 120 ரூபாய் என்றால் உழைப்பு 4,800. தோல் 1,200, மரம் 500, கருவித் தேய்மானம் 300, வண்டி வாடகை 700. கூட்டினால் 7,500. விற்காமல் நிற்பதற்கும் திரும்பி வருவதற்கும் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் 9,000. இந்த விலைக்கு வாங்குபவர் உங்கள் தெருவில் இல்லை. பெங்களூரிலும் சென்னையிலும் ஏலகிரி விடுதிகளிலும் இருக்கிறார். அவரிடம் போய்ச் சேரும்வரை முக்காலி விற்றுக்கொண்டிருங்கள்.

துண்டுக் கூலியில் மாட்டிக்கொள்ளாதீர்கள். இங்கிலாந்தின் ஹை விக்கம் ஊரைச் சுற்றியுள்ள காடுகளில் பீச் மரத்தைப் பச்சையாகவே காலால் மிதிக்கும் கடைசலில் கடைந்து நாற்காலிக் கால் செய்தவர்கள் 1950கள் வரை இருந்தார்கள். அவர்களில் பலர் ஒரு முழு நாற்காலிகூடச் செய்ததில்லை. கால்களை மட்டும் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவார்கள், விலையை நகரத்துப் பட்டறைக்காரர் சொல்வார். ஆம்பூரில் வீட்டில் உட்கார்ந்து ஜோடிக் கணக்கில் ஷூ அப்பர் தைக்கும் பெண்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை. பெரிய கடைக்காரர் வந்து "காலை மட்டும் செய்து கொடுங்க, மாதம் ஐநூறு எடுத்துக்கிறேன்" என்றால் ஆசையாகத்தான் இருக்கும். கை பழகுவதற்கு ஒரு சீசன் செய்யுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

அரசு உதவியில், மாநில அரசு 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் 25 கைத்தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும், வட்டியில் 5 சதவீதச் சலுகையும் தருவதாக அறிவிக்கப்பட்டது. வயது 35 நிறைந்திருக்க வேண்டும், தொழில் அனுபவமும் கேட்பார்கள். விண்ணப்பம் மாவட்டத் தொழில் மையம் வழியாக. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூருக்கும், மேல்விஷாரம், வாலாஜாக்காரர்கள் ராணிப்பேட்டைக்கும் போக வேண்டும். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தரகரிடம் போகாதீர்கள். கடன் வாங்குவதாக இருந்தால் முதல் பத்து நாற்காலி விற்ற பிறகு வாங்குங்கள். அதற்குள் எந்தக் கருவி உண்மையிலேயே தேவை என்று தெரிந்திருக்கும்.

விற்ற சரக்குக்கு ஒரே ஒரு எதிரி உண்டு, துளைப்பூச்சி. மரத்தின் வெள்ளைப் பகுதியில் மாவுச்சத்து இருக்கும், பூச்சிக்கு அதுதான் சாப்பாடு. வைரப் பகுதியை மட்டும் எடுக்க முடியாத இளங்கட்டை என்றால், பட்டையை உடனே உரித்து, செதுக்கிய கம்புகளைப் போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டுக் காய வையுங்கள். இருக்கைக்கு அடியில் மரத்தின் பெயரையும் செய்த மாதத்தையும் சூட்டுக்கோலால் எழுதிவிடுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கழிந்தபின் வாடிக்கையாளருக்கு நீங்களே போன் செய்து ஆடுகிறதா, மாவு கொட்டுகிறதா என்று கேளுங்கள். ஆடினால் வண்டி வாடகை உங்கள் செலவு.